மீசை பத்திரம்

ஐயா, உங்களை ஒன்று கேட்கலாமா? உங்கள் முகம் உங்களுடையதுதான் என்று உங்களால் சத்தியம் செய்ய முடியுமா?

சிரிக்காதீர்கள். விக்கிரவாண்டியில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து என்னையே திரும்பித் திரும்பிப் பார்க்கிறீர்கள். "உங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்கே, கூட்டுறவு பாங்க்ல இருந்தீங்களா?" என்றும் கேட்டுவிட்டீர்கள். ஆகையால் எனக்கும் ஒரு கேள்வி கேட்கும் உரிமை உண்டு. இன்று காலை முகம் மழித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். யாரிடம் அனுமதி கேட்டீர்கள்? யாரிடமும் இல்லை. அப்படியானால் நீங்கள் பாக்கியவான். என் முகம் என்னுடையதாக இருந்து முப்பத்தோர் ஆண்டுகள் ஆகின்றன.

நான் வங்கியில் இருந்ததில்லை. நான் நடிகன். பெயர் மருதமுத்து. பெயரைச் சொன்னால் தெரியாது; அது உங்கள் குற்றமல்ல. என் பெயர் திரையில் ஓடும்போது மக்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஆனால் முகத்தை அறிவீர்கள். பஞ்சாயத்தில் கதாநாயகியின் தகப்பனார் உட்கார்ந்திருப்பார் அல்லவா, அவருக்கு இடப்பக்கம் நின்றுகொண்டு "அதான் சரி" என்று ஒருவர் தலையாட்டுவார். அது நான். கதாநாயகன் காவல் நிலையத்துக்குள் நுழைந்ததும் பதறி எழுந்து தொப்பியைத் தேடும் ஏட்டு, அதுவும் நான். நூற்று நாற்பது படங்கள், இருபத்தாறு தொடர்கள். என்னைப் பார்க்காத தமிழர் இல்லை ஐயா. கவனித்தவர்தான் இல்லை.

நான் இப்படிப் பேசுவதைக் கேட்டுத் திகைக்கவேண்டாம். புராணத் தொடர்களுக்குக் குரல் கொடுப்பதும் என் வேலை. பன்னிரண்டு ஆண்டுகள் முனிவராகவும் மந்திரியாகவும் பேசிப் பேசி நாக்கு இந்த வடிவத்திலேயே உறைந்துவிட்டது. காய்கறிக் கடையில் நின்றால்கூட "கத்தரிக்காய் என்ன விலைக்கு அளிக்கிறீர்கள்?" என்றுதான் வருகிறது. கடைக்காரர் சிரிக்கிறார். என் அண்ணன் சிரிக்கமாட்டார். "வசனம் பேசாதடா" என்பார்.

அண்ணன் நல்லுசாமி இன்று அதிகாலை ஐந்தேகாலுக்குத் துறையூரில் இறந்துவிட்டார்.

ஆம், அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறேன். நான்கு மணிக்கு எடுக்கிறார்கள். அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. பூங்கோதை என்று ஒரே மகள். ஆகவே கொள்ளி வைக்கவேண்டியவன் உடன்பிறந்த தம்பி. கொள்ளி வைப்பவன் தலையையும் மீசையையும் மழித்துக்கொள்ளவேண்டும் என்பது எங்கள் வழக்கம். இப்போது இந்த மீசையைப் பாருங்கள். கூச்சப்படாமல் பாருங்கள். கன்னத்தைத் தாண்டிக் காதைத் தொடப்போகிறது. ஐந்து மாதம் எண்ணெய் போட்டு வளர்த்தது. ஐயா, இது என்னுடைய மீசை இல்லை. இதுதான் என் இக்கட்டு.

படம் எடுக்கும் முறையைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நான் ஒரு வீட்டுக்குள் நுழைகிறேன் என்று வையுங்கள். அந்த வாசலைக் காரைக்குடியில் மாசி மாதம் எடுப்பார்கள். உள்ளே கால் வைக்கும் கூடத்தைச் சென்னையில் செட்டாகப் போட்டு ஆடி மாதம் எடுப்பார்கள். திரையில் அது ஒரே எட்டு. அந்த ஓர் எட்டை எடுத்து வைக்க எனக்கு ஐந்து மாதம் ஆகும். அந்த ஐந்து மாதமும் மீசை ஒரு நூல் கூடக்கூடாது, குறையக்கூடாது. இதற்குக் கண்டினியூட்டி என்று பெயர். முன்னால் ஒன்று, இடம் ஒன்று, வலம் ஒன்று என்று என்னைப் படமெடுத்து வைத்திருப்பார் ஓர் உதவி இயக்குநர். தினமும் ஒப்பிட்டுப் பார்ப்பார். கதாநாயகன் முடியை வெட்டிக்கொண்டு வந்தால் கதையில் முடிவெட்டும் காட்சி ஒன்றைச் சேர்ப்பார்கள். நான் வெட்டிக்கொண்டு போனால் என்னையே வெட்டிவிடுவார்கள்.

இதை விளக்க ஒரு கதை சொல்வது என் வழக்கம். கேளுங்கள். ஓர் ஊரில் ஒருவனுக்கு நல்ல வீடு இருந்தது. முன்னறையை வாடகைக்கு விட்டான். நமக்குத்தான் இன்னும் இடம் இருக்கிறதே என்று கூடத்தையும் விட்டான். பிறகு அடுக்களையை விட்டான். ஒரு மழை நாளில் அவனுடைய தாய் தேடிவந்து, நனைந்தபடி வாசலில் நின்று, "உள்ளே வரட்டுமா?" என்று கேட்டாள். "இரு அம்மா, கேட்டுச் சொல்கிறேன்" என்று அவன் குடியிருப்பவர்களிடம் போனான். அவன் அனுமதி வாங்கிக்கொண்டு திரும்பியபோது மழை நின்றிருந்தது. தாயையும் காணோம்.

இது நானே கட்டிய கதை. கலைஞனின் தியாகம் எத்தகையது என்று விளக்க, பாராட்டு விழாக்களில் சொல்லியிருக்கிறேன். கைதட்டுவார்கள்.

சற்றுப் பொறுங்கள், அழைப்பு வருகிறது.

...இருக்கிறது, ஏகாம்பரம். இருக்கிறது. ஆம், பேருந்தில்தான்.

மன்னியுங்கள். தயாரிப்பு நிர்வாகி. நல்ல மனிதர். "மருதண்ணே, சாவு வீட்டுக்குப் போறவரை நான் தடுக்க முடியுமா? போய்ட்டு வாங்க. மாலை போடுங்க, அழுங்க, என்ன வேணா பண்ணுங்க. மீசை பத்திரம்" என்கிறார். காலையிலிருந்து நான்காவது முறை.

இந்த இக்கட்டு எனக்குப் புதிதல்ல. பதினொரு ஆண்டுகளுக்கு முன் என் தாய் அங்கம்மாள் இறந்தபோதும் இதே நிலைதான். அப்போது எனக்குப் பெயர் உள்ள பாத்திரம் ஒன்று வாய்த்திருந்தது. பெயர் உள்ள பாத்திரம் என்றால் என்னவென்று உங்களுக்கு எப்படிப் புரியவைப்பேன்! அதுவரை தாளில் என்னை "ஊர்க்காரர் 2" என்று எழுதுவார்கள்; "பெண் வீட்டார்" என்று எழுதுவார்கள். அந்தப் படத்தில்தான் "வேலுச்சாமி, கதாநாயகியின் தாய்மாமன்" என்று எழுதினார்கள். பதினான்கு வசனங்கள். கடைசிக் காட்சியில், அரிவாளைக் கீழே போட்டுவிட்டுப் பேச ஒரு முழுப் பக்கம். "ஒட்டு மீசை வேணாம்ணே, குளோசப்ல தெரிஞ்சிரும், சொந்தமா வளருங்க" என்றார் இயக்குநர். வளர்த்தேன். அந்தக் கடைசிக் காட்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது, படப்பிடிப்பு நடந்த பொள்ளாச்சிக்குத் தகவல் வந்தது. அம்மா போய்விட்டாள்.

எங்களில் தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பான், தாய்க்கு இளைய மகன். தகப்பனாருக்கு அண்ணன் வைத்துவிட்டார். தாய் என் பங்கு.

போய்ச் சேர்ந்தபோது அண்ணன் ஏற்கெனவே மழித்துக்கொண்டு ஈர வேட்டியோடு நின்றார். நாவிதர் கொல்லைப்புறம் மணை போட்டுவைத்துக் காத்திருந்தார். நான் அவரருகே குனிந்து, யாருக்கும் கேட்காதபடி, "நுனியில் ஒரே ஒரு முடியைக் கத்தரித்தால் முறை நிறைவேறியதாகாதா?" என்றேன். அவர் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னடா கேக்குற?" என்றார் அண்ணன்.

பொறுமையாக எடுத்துரைத்தேன். கண்டினியூட்டியை விளக்கினேன். கூட்டம் கூடிவிட்டது. என் அத்தை ஒருத்தி, வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஏன்டா மருது, மீசை போனா மொளைக்கும். ஒங்காத்தா மொளைப்பாளா?" என்றாள். கல்வி இல்லாதவர்கள், கோபித்துப் பயனில்லை. அவர்களுக்கு விளங்கவேண்டுமே என்று அந்த வாடகை வீட்டுக் கதையைச் சொன்னேன். ஆம் ஐயா, அங்கேயே. பந்தலின் கீழ், என் தாயின் தலைமாட்டில் நின்று, குரலை ஏற்றி இறக்கிச் சொன்னேன். கலைஞனின் முகம் மக்களின் உடைமை என்று முடித்தேன்.

யாரும் கைதட்டவில்லை.

"டேய் மருது," என்றார் அண்ணன். சத்தம் போடவில்லை. "வசனம் பேசாதடா. அம்மா கெடக்குது."

பிறகு அவரே கொள்ளிச் சட்டியை எடுத்துக்கொண்டார். தகப்பனுக்கும் தாய்க்கும் அவரே வைத்தார். நான் சுடுகாடு வரை போனேன். போகவில்லை என்று எவரும் சொல்லக்கூடாது. புகை பட்டு மீசை நிறம் மாறிவிடக்கூடாதே என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றேன். அழுகையை அடக்குகிறேன் என்று நினைத்துச் சிலர் வந்து தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

படம் வெளிவந்தது. கடைசிக் காட்சியைச் சுருக்கியிருந்தார்கள். அரிவாளைப் போடும் கை தெரிகிறது. பின்பு என் முதுகு தெரிகிறது. நான்கு விநாடி. முதுகில் மீசை முளைப்பதில்லை அல்லவா? ஆனால் அது படத்தொகுப்பாளரின் முடிவு. கதையின் வேகத்துக்காகச் செய்தார். அதை நான் மதிக்கிறேன்.

இதன்பிறகு நடந்ததுதான் நான் உங்களிடம் முறையிட வந்த அநீதி. நடுநிலையோடு கேளுங்கள்.

எட்டு மாதம் கழித்து ஒரு தொடரில் நடித்தேன். இரவு எட்டு மணித் தொடர். அதில் நான் இளைய மகன். தாய் இறந்துபோகிறாள். மகன் மொட்டை போட்டுக் கொள்ளி வைக்கவேண்டும். நிஜமாகவே மழிக்கவேண்டும் என்றார் இயக்குநர். "ஒரே டேக்தான் சார். ரெண்டாவது மொட்டைக்கு உங்ககிட்ட முடி கெடையாது" என்றார். என் தாயாக நடித்த அம்மையார் என்னைவிட இரண்டு வயது இளையவர். பாடையில் படுத்தபடியே, "சார், அந்த ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்க" என்பார். இத்தனைக்கும் நடுவில், ஐயா, கத்தி உச்சந்தலையில் பட்டதும் அங்கம்மாள் என் கண்முன்னே வந்து நின்றாள். "அம்மா" என்று ஒரு சத்தம் வந்தது. தாளில் இல்லாத சத்தம். ஒலிப்பதிவாளர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டார். பாடையில் கிடந்த அம்மையாரே அழுதுவிட்டார். பிணத்தின் கண்ணில் நீர் வரலாகாது என்று அவர் முகத்தை மட்டும் மறுபடி எடுத்தார்கள். முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். முப்பத்தோர் ஆண்டுகளில் எனக்காக எழுந்து நின்றது அந்த ஒருமுறைதான். அந்த வாரம் முழுவதும் தொலைக்காட்சி விளம்பரத்தில் என் மொட்டைத் தலைதான்.

என் தாய்க்கு நான் செய்யத் தவறியதைக் கலையின் வழியாகச் செய்து முடித்துவிட்டேன் என்றே கருதினேன். அண்ணனும் அதைக் கண்டால் மனம் ஆறுவார் என்று கருதினேன். ஆகவே நானே துறையூருக்கு அழைத்து, "அண்ணி, புதன்கிழமை எட்டு மணிக்குத் தவறாமல் பாருங்கள். அண்ணனையும் உட்கார வையுங்கள். தெருவிலும் சொல்லுங்கள்" என்றேன்.

"என்ன சீன் தம்பி?" என்றார் தனபாக்கியம் அண்ணி.

"நீங்களே கண்டு மகிழுங்கள்" என்றேன்.

அண்ணி வெள்ளை மனசுக்காரர். பக்கத்து வீட்டாரையெல்லாம் அழைத்துக் கூடத்தில் உட்காரவைத்திருக்கிறார். பதினான்கு பேர். அண்ணன் மின்சார ஆபீசில் லைன்மேன். வேலை முடிந்து வந்தவர், இடுப்பில் செருகிய கட்டிங் பிளேயரோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். திரையில் நாவிதர் கத்தியைத் தீட்டுகிறார். நான் தலையைக் குனிகிறேன். பின்வரிசையில் ஒருவர், "அட, பாருங்கண்ணே, உங்க தம்பி மொட்டை போடுறாரு!" என்று கைதட்டியிருக்கிறார்.

அண்ணன் எழுந்தார். செருப்புக்கூடப் போடாமல் தெருமுனைக்கு நடந்தார். டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அங்கேயே கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். தெரு முழுவதும் இருட்டு.  சரியாக எட்டரை மணிக்குத் திரும்ப மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கை கழுவினாராம். அண்ணிதான் மறுநாள் அழுதுகொண்டே சொன்னார்.

நியாயத்தைச் சொல்லுங்கள். என் வாழ்நாளின் மிகச் சிறந்த காட்சி. தமிழ்நாடே பார்த்தது. என் சொந்தத் தெரு பார்க்கவில்லை. ஒரு கலைஞனுக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு உண்டா? நாள் முழுவதும் கொதித்தேன். மறுநாளும் கொதித்தேன். பிறகு ஒரு கடிதம் எழுதினேன். ஒரே ஒரு கடிதம். மின்சார ஆபீசின் பொறியாளருக்கு.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அதில் பொய் ஒன்றும் இல்லை. "பொதுப்பணியில் உள்ள ஊழியர் ஒருவர் தமது சொந்த மனக்கசப்பின் பொருட்டு மக்களை இருளில் ஆழ்த்தலாகாது" என்று எழுதினேன். தெருவின் பெயரும் நேரமும் குறிப்பிட்டேன். கீழே என் பெயரைப் போடவில்லை. "கலை அபிமானி ஒருவன்" என்று கையொப்பமிட்டேன். கூப்பிட்டுக் கண்டிப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர்கள் மலைக்கு மாற்றிவிட்டார்கள். ஓய்வுபெற இரண்டு ஆண்டு இருந்தது. அந்த இரண்டு ஆண்டும் பச்சைமலையில் ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு ஏறி இறங்கினார். முழங்கால் போனது அங்கேதான் என்று பிறர் சொல்லக் கேட்டேன். வயதினால் போயிருக்கவும் கூடும்.

அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. அவர் அழைக்கட்டும் என்றிருந்தேன். தவறு செய்தவர்தானே முதலில் அழைக்கவேண்டும்? ஒவ்வொரு பொங்கலுக்கும் நானே போய் நின்றுவிடலாமா என்றும் நினைப்பேன். ஒவ்வொரு பொங்கலிலும் தாடியோ மீசையோ ஏதாவது ஒன்று பாதி வளர்ந்து நிற்கும்.

மணிக்கூண்டுக் காவலன் ஒருவன் கதை உண்டு. வேட்டைக்குப் புறப்பட்ட அரசன், "நான் திரும்பும் வரை மணி அடிக்காதே" என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனான். காவலன் மணியின் நாக்கைக் கட்டி நிறுத்தினான். அரசன் வேறு வழியாக அரண்மனைக்குத் திரும்பிவிட்டான், காவலனை மறந்தும்விட்டான். காவலன் மணியைப் பிடித்துக்கொண்டே நின்றான். அவன் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தது. ஒரு கல்யாணம் நடந்தது. ஒரு சாவும் விழுந்தது... இதற்கு முடிவு இன்னும் கட்டவில்லை. எத்தனையோ நாளாக யோசிக்கிறேன், வரவில்லை.

எங்கே வந்துவிட்டோம்? தொழுதூர் தாண்டிவிட்டதா? அப்படியானால் நேரமில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

இரண்டு ஆண்டுகளாக எனக்கு ஓர் அழைப்பும் இல்லாதிருந்தது. பத்து மணிக்குக் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு கைப்பேசியின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். ஐந்து மாதம் முன்புதான் ஏகாம்பரம் அழைத்தார். இணையத் தொடர். ஓய்வுபெற்ற தாசில்தார் பரமசிவம். பெயரைக் கவனித்தீர்களா? இரண்டாவது முறையாகப் பெயர்! எனக்கு வயது அறுபது. மூன்றாவது முறை வராது என்று எனக்குத் தெரியும். இன்னும் நான்கு நாள் வேலை மிச்சம். நாளைக் காலை ஆறு மணிக்குக் கால்ஷீட்.

இன்று ஐந்தரை மணிக்குக் கைப்பேசி அடித்தபோதுகூட வண்டி அனுப்புகிறார்கள் என்றுதான் எடுத்தேன். "சித்தப்பா, பூங்கோதை பேசுறேன். அப்பா போய்ட்டாங்க" என்றது குரல். பதினொரு ஆண்டுகளாகக் கேட்காத குரல். "ஆற்றொணாத் துயரத்தில் மூழ்கிய இவ்வேளையில்..." என்று தொடங்கினேன்.

"சித்தப்பா, வேணாம்," என்றாள். "அப்பா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. சொல்லிட்டு வெச்சுர்றேன். 'அவன் மீசையோடயே வரட்டும். எடுக்கச் சொல்லி யாரும் அவனை வற்புறுத்தக் கூடாது. வந்தாப் போதும்'னாங்க."

பார்த்தீர்களா! கடைசியில் அண்ணன் கலையைப் புரிந்துகொண்டார். என் பக்கத்து நியாயத்தை ஒப்புக்கொண்டார். கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறும்போது, சொன்னால் நம்பமாட்டீர்கள், என் மனம் இலேசாக இருந்தது. ஏகாம்பரத்தை நானே அழைத்து, "மீசை பத்திரம்" என்று சொன்னேன். அண்ணன் செத்த அன்று காலையில் நான் பேசி முடித்த முதல் வசனம் அது.

அவள் அதோடு வைத்துவிடவில்லை. இன்னும் ஒன்று சொன்னாள். உங்களிடம் சொல்லவேண்டாம் என்றுதான் இருந்தேன்.

"அந்த லெட்டர் எழுதுனது நீங்கதான்னு அப்பாவுக்கு அன்னிக்கே தெரியும் சித்தப்பா. ஆபீசர் படிச்சுக் காட்டி, 'யாருன்னு தெரியுதா நல்லுசாமி?'ன்னு கேட்டாராம். 'தெரியல சார்'னுட்டாங்களாம். 'இருளில் ஆழ்த்தலாகாதுன்னு இந்தத் துறையூர்ல எந்தம்பியத் தவிர எவன் எழுதுவான்'னு சொல்லி, போன வாரம் எங்கிட்ட ஒரே சிரிப்பு. மூச்சு வாங்குது, அப்பவும் சிரிக்கிறாங்க. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லவும் மாட்டேன். நாலு மணிக்கு எடுக்குறோம். நீங்க வெச்சா வைங்க. இல்லேன்னா நானே வெச்சுக்கிறேன்."

உளுந்தூர்ப்பேட்டை வரைக்கும் என் மனம் இலேசாகத்தான் இருந்தது ஐயா. அதன் பிறகுதான் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. மீசையோடு வரட்டும் என்றாரே, என்னை மன்னித்துச் சொன்னாரா, கைவிட்டுச் சொன்னாரா? அழுகிற பிள்ளைக்குப் பொம்மையைக் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டாரா? கேட்டால் சொல்லியிருப்பார். பத்து ஆண்டு அவர் உயிரோடுதான் இருந்தார். நான் கேட்கவில்லை. இனி அவர் சொல்லமாட்டார். அந்த வாடகை வீட்டுக் கதையை எத்தனை மேடைகளில் சொல்லியிருக்கிறேன்! வாசலில் நனைந்துகொண்டு நின்றவள் யார் என்று ஒருமுறைகூட நான் யோசித்ததில்லை.

உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் உண்டா? வேண்டாம், என்னிடம் சொல்லவேண்டாம். எவரிடமாவது பேசாமல் இருக்கிறீர்களா? முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள், உண்டு என்று தெரிகிறது. யார் பக்கம் நியாயம் என்று அறிய எனக்கு ஆவல் இல்லை. உங்கள் பக்கமே இருக்கட்டும். என் பக்கமும்தான் இருந்தது. கைப்பேசி உங்கள் சட்டைப் பையில்தான் இருக்கிறது. பெரம்பலூரில் இறங்கியதும் எடுத்துப் பேசுங்கள். என்ன பேசுவது என்று யோசிக்காதீர்கள்; யோசித்தால் வசனம் ஆகிவிடும். "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள், போதும்.

அதற்கு முன் எனக்கு ஓர் உதவி செய்யுங்கள்.

இதோ, மறுபடி அடிக்கிறது. பெயரைப் படியுங்கள், எனக்குக் கண்ணாடி இல்லை. ஏகாம்பரம்தானே? எடுக்கவேண்டாம். இந்தாருங்கள், இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்டாலும் தராதீர்கள். நான் கேட்பேன். நன்றாகக் கேட்பேன், கதை சொல்லிக் கேட்பேன், கண்ணீர்விட்டும் கேட்பேன். நம்பாதீர்கள் ஐயா. எனக்கு அது தொழில்.

நீங்கள் பெரம்பலூரில்தானே இறங்குகிறீர்கள்? பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சலூன் இருக்கும். இன்று புதன்கிழமை. செவ்வாயாக இருந்தால் மூடியிருப்பார்கள். நேற்று இறந்திருக்கக்கூடாதா அண்ணன் என்று ஒரு கணம் நினைத்தேன். அதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். இப்போது எந்த ஊரிலும் எந்தக் கடையும் எனக்காக மூடியிருக்காது. இந்தப் பேருந்து போனால் போகட்டும், துறையூருக்கு அடுத்தது வரும். முறைப்படி அங்கே போய்த்தான் மழிக்கவேண்டும், அறிவேன். மணை போட்டு ஒருவர் காத்திருப்பார். ஆனால் அந்த மணைக்குப் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் நான் என்னென்ன கட்டுவேன் என்று எனக்குத் தெரியும். நுனியில் ஒரு முடி போதாதா என்று கேட்பேன். அண்ணனே சொல்லிவிட்டாரே என்பேன். அது உண்மையும்கூட. எல்லாரும் தலையாட்டுவார்கள். பூங்கோதை எனக்கு முன்னால் வந்து சட்டியை எடுத்துக்கொள்வாள். நான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்பேன்.

எழுந்திருங்கள். நடத்துநர் "பெரம்பலூர்லாம் முன்னால வா" என்கிறார், கேட்கிறதல்லவா?

ஒன்றே ஒன்று. கடைக்குள் போவதற்கு முன் ஒரு படம் எடுத்துவிடுங்கள். முன்னால் ஒன்று, இடம் ஒன்று, வலம் ஒன்று. ஒட்டு மீசை செய்வதானால் அளவு தெரியவேண்டுமே, நாளைக்கு அவர்கள்...

வேண்டாம். எடுக்காதீர்கள். அதையும் உள்ளே வையுங்கள்.

என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் ஐயா. இன்னும் இறுக்கமாக. அந்த நாற்காலியில் உட்காரவைத்து, துணியைப் போர்த்தி, முதல் கத்தி மேலுதட்டில் விழும் வரைக்கும் விடாதீர்கள். நான் பேசத் தொடங்கினால், "வசனம் பேசாதடா" என்று ஒரு அதட்டு அதட்டுங்கள். அதைச் சொல்ல இனி ஆள் இல்லை. இன்றைக்கே செய்துவிடுங்கள் ஐயா, இப்போதே. நாளைக்கு எனக்குக் கால்ஷீட் இருக்கிறது.